கேள்வி நேரம்: அமைச்சரின் பதிலைப் பெறுவதும் படிப்பதும்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மாலைச் செய்திகளில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் அமளியும் ஒத்திவைப்பும்தான். ஆனால் அதே நாளில் மக்களவையில் மட்டும் 250 கேள்விகள் வரை பட்டியலில் இடம்பெற்று, அவற்றுக்கு மத்திய அமைச்சர்கள் பதில் அளித்திருப்பார்கள். ரயில் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, கல்வி உதவித்தொகை எத்தனை மாணவருக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை மருத்துவர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்பன போன்ற விவரங்கள் அந்தப் பதில்களில்தான் அமைச்சரின் பெயரோடும் தேதியோடும் பதிவாகின்றன. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்பு அன்றாடம் நடைமுறைக்கு வரும் இடம் கேள்வி நேரம்.

மக்களவையில் அமர்வின் முதல் மணி நேரம், அதாவது காலை 11 மணி முதல் 12 மணி வரை, கேள்விகளுக்கு உரியது. மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் இது பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. கேள்விகள் முதன்மையாக இரு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு இத்தகைய கேள்விகள் 20. நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்துமூலப் பதில் அவையில் வைக்கப்படும். இவை ஒரு நாளைக்கு 230. ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரு நாள் பட்டியலில் ஐந்து கேள்விகளுக்கு மேல் வரக்கூடாது. அவற்றில் நட்சத்திரக் குறியிட்டது ஒன்றுதான் இருக்கலாம். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும், எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும் என்பதும் விதி. அவசரமான பொது விஷயமென்றால் குறுகிய கால அறிவிப்பிலும் கேட்கலாம். ஆனால் அதற்கு அமைச்சரின் இசைவு வேண்டும் என்பதால் அந்த வழி அரிதாகவே திறக்கிறது.

நட்சத்திரக் குறியின் உண்மையான வலிமை துணைக் கேள்வியில் இருக்கிறது. முதன்மைக் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கேட்ட உறுப்பினர் அந்த இடத்திலேயே எழுப்பும் துணைக் கேள்விகளுக்கோ அமைச்சரே தன் அறிவைக் கொண்டு பதில் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். தன் துறையை நன்கு அறிந்த அமைச்சர் யார், கோப்பை மட்டும் நம்பி வந்தவர் யார் என்பது இந்தச் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். 20 கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டுமே ஒரு மணி நேரத்தில் முறை வருகிறது. எஞ்சியவற்றின் பதில்கள் எழுத்துமூலப் பதில்களாக வைக்கப்படுகின்றன. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டாலும் நிலைமை அதுவே. எனவே கேள்வி நேரத்தை முடக்குவது ஆளுங்கட்சியாக இருந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தாலும், அதனால் விடுதலை பெறுபவர் துணைக் கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருந்த அமைச்சர்தான் என்பதை இரு தரப்பும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி நேரத்தை எதிர்க்கட்சியின் ஆயுதம் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது அமைச்சரல்லாத எல்லா உறுப்பினர்களுக்கும் உரியது. 1957இல், தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்ததைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. அதை விடாமல் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியான காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. நிதியமைச்சராக இருந்த சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். நீதிமன்ற விசாரணையில் உள்ளதைத் தொடக்கூடாது. வாதமோ குற்றச்சாட்டோ பரிகாசமோ இடம்பெறக்கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக்கூடாது. "ஏழை மாணவர்களை இந்த அரசு ஏன் வஞ்சிக்கிறது?" என்று எழுதினால் அது அனுமதிக்கப்படாது. "கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த உதவித்தொகைக்கு ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை ஆகியவை எவ்வளவு, மாநில வாரியான விவரம் என்ன, நிலுவைக்குக் காரணம் என்ன, எப்போது தீர்க்கப்படும்?" என்று எழுதினால் அனுமதி கிடைக்க வாய்ப்புண்டு. அதோடு, ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் இடையிலான தூரத்தை அமைச்சரே எண்ணால் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையும் உருவாகும். முதல் வடிவில் கோபம் இருக்கிறது, அது நியாயமான கோபமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது வடிவம்தான் மாணவனுக்குப் பயன்படும்.

பதில் வந்த பிறகு அதைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கேள்வியின் பகுதிகள் (அ), (ஆ), (இ) என்று பிரிக்கப்பட்டிருக்கும். பதிலில் "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்து ஒரே பத்தியாக எழுதியிருந்தால், எந்தப் பகுதி விடுபட்டது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். திட்டத்தின் நோக்கத்தை மூன்று பத்திகளில் விவரித்துவிட்டுக் கேட்ட எண்ணைத் தராமல் விடுவது அடிக்கடி நடப்பது. பதிலைவிட அதன் இணைப்பில் உள்ள அட்டவணையில்தான் சரக்கு இருக்கும். விவரம் இல்லை என்ற பதிலும் ஒரு விவரமே. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டு, எழுத்துமூலப் பதில்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களின் எண்ணிக்கை என்ன என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் அப்போது பதிலளித்தது. அந்த ஒற்றை வரி நாடு முழுவதும் எழுப்பிய அதிர்ச்சியும், எழுத்துமூலப் பதிலுக்குத் துணைக் கேள்வி கேட்க முடியாது என்ற உண்மையும், கேள்வி நேரம் ஏன் எந்த நெருக்கடியிலும் நிறுத்தப்படக்கூடாது என்பதைக் காட்டின.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது, கிடைத்ததும் அவையில் வைக்கப்படும்", "இதைக் கவனிக்கிறேன்" என்ற பதில்களை வெறும் தட்டிக்கழிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இத்தகைய சொற்றொடர்கள் அவையில் கொடுத்த உறுதிமொழிகளாகக் கருதப்படுகின்றன. அவற்றின் பட்டியலே இருக்கிறது. மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953இல் அமைக்கப்பட்டது. 15 உறுப்பினர்களைக் கொண்ட இக்குழுவில் அமைச்சர் யாரும் இடம்பெற முடியாது. உறுதிமொழியை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் காரணம் சொல்லிக் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். கைவிட விரும்பினாலும் குழுவிடமே கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளும் உண்டு என்பது வருத்தத்துக்குரியதே. ஆனால் அவை கணக்கில் இருக்கின்றன. குழுவின் அறிக்கைகளில் அமைச்சக வாரியாக அவற்றைப் பார்க்க முடிகிறது.

பதில் தவறென்று தெரிந்தால் உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதலாம். தவறு செய்ததை உணர்ந்த அமைச்சர் அவையில் திருத்த அறிக்கை அளிக்கிறார். தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்றால் அது அவையின் உரிமையை மீறிய பிரச்சினையாகும் (உரிமை மீறல்). பதில் போதவில்லை என்றால், மூன்று நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து அரைமணி நேர விவாதம் கோரலாம். மக்களவையில் அது திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளுக்கு உரியது. ஆனால் பதில் இப்படித்தான் அமைய வேண்டும் என்று அமைச்சரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சபாநாயகருக்கு இல்லை. உறுப்பினர்கள் அவசரமான பொது விஷயங்களை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் (Zero Hour) பேசப்படுபவற்றுக்கு அமைச்சர் உடனே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கேள்வியின் மதிப்பு தெரிந்ததால்தான் அதை விலைபேசவும் சிலர் துணிந்தார்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டனர்.

பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி அனுப்ப முடியாது. தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள், அறிவிப்புக்குக் கடைசி நாள் எது என்ற அட்டவணை ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே உங்கள் கடிதம் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி, எந்த ஆண்டுகளுக்கு எந்த விவரம் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் விதத்தில் போய்ச் சேர வேண்டும். எழுதுமுன் நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகத்தின் பெயராலோ உறுப்பினரின் பெயராலோ தேடிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே பதில் வந்திருந்தால், அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதில் விடுபட்ட பகுதியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.