ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு எத்தனை பேர் காவல்?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடியில் இருக்கும் என் அக்கா மகளின் கைக்குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். மலேசியாவில் தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பதாம் மாதம் ஒரு தவணை, பன்னிரண்டாம் மாதம் மறு தவணை என்று போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியோ மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். அதுவரை சுற்றியிருப்பவர்கள்தான் இந்தப் பிள்ளைக்குக் காவல். எத்தனை பேர் இருந்தால் போதும் என்பதற்குக் கணக்கு உண்டு.

யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுப்பார். அவர் எழுந்து போன பின்னும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். 15 என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 15, அடுத்ததில் 225, அதற்கடுத்து 3,375. அந்தப் 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், மீதி ஒருவருக்குத்தான் பரவும், நோய் பெருகாது. அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டால் நோய் தானே அணையும். 15-இல் 14 என்பது 93.3 விழுக்காடு.

ஆனால் ஊசி போட்ட எல்லாருக்குமே எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. ஒரு தவணை போட்டால் சுமார் 93 விழுக்காட்டினருக்கு வரும், இரண்டு தவணைக்குச் சுமார் 97. 93.3-ஐ 0.93-ஆல் வகுத்துப் பாருங்கள்: நூறைத் தாண்டுகிறது. ஊரில் ஒருவர் விடாமல் ஒரே ஒரு தவணை போட்டாலும் தட்டம்மையை நிறுத்த முடியாது! 0.97-ஆல் வகுத்தால் 96 விழுக்காடு: நூற்றில் 96 பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால் போதும். இரண்டாம் தவணையை "அதான் ஒன்று போட்டாச்சே" என்று தள்ளிப்போடும் வீடுகளில் நான் கெஞ்சிச் சொல்வது இந்த வகுத்தலைத்தான்.

இந்தச் சிந்தனையின் வேர் மலேரியாவில் இருக்கிறது. மலாயாவின் கிள்ளானில் 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவைக் குறைத்தார், காய்ச்சல் இறங்கியது. எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா ஓயும் என்று, மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதை மனிதருக்கு மனிதர் தொற்றும் நோய்களுக்கு விரித்தார்கள்.

எளிய கணக்கில் ஒரு குறை உண்டு. ஊரார் எல்லாரும் ஒருவரோடொருவர் சமமாகக் கலப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. நாம் அப்படியா வாழ்கிறோம்? 1,000 பிள்ளைகளில் 970 பேருக்கு இரண்டு தவணையும் போட்டாயிற்று. ஊர்க் கணக்குப்படி நோய் அணைய வேண்டும். மீதி 30 பேரில் 20 பேர், ஐம்பது பிள்ளைகள் படிக்கும் ஒரே பாலர் பள்ளியில் இருந்தால்? அந்தச் சுவர்களுக்குள் பத்தில் நான்கு பேருக்குக் காவல் இல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பழகினால், 15-இல் பத்தில் நான்கு பங்கு: ஒரு நோயாளி ஆறு பேருக்குக் கொடுப்பார். ஊர்ச் சராசரி 97 என்று காட்டிக்கொண்டே இருக்கும். 27 ஆண்டுகள் இல்லாதிருந்த போலியோ 2019 டிசம்பரில் மலேசியாவின் சபா மாநிலத்தில் மீண்டும் தலைகாட்டியபோதும், ஊசி குறைந்த பகுதிகளைத் தேடித்தான் சுகாதார ஊழியர்கள் அலைந்தார்கள்.

செந்தூல் குழந்தைக்கு ஓர் அண்ணன். வயது ஐந்து, தினமும் பாலர் பள்ளிக்குப் போய் வந்ததும் ஓடிப்போய்த் தங்கச்சிக்கு முத்தம் கொடுப்பான். அவன் வகுப்பில் எத்தனை பேருக்கு இரண்டாம் தவணை ஆகியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கும்படி அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.