ஷாஃப்ட் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம்

கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர், இன்ஜினிலிருந்து புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் பற்றிக் கேட்டிருக்கிறார்: “எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட். காந்தம் ஒட்டவில்லை என்று பார்த்துத்தான் வாங்கினோம். அப்படியும் நடுக்கடலில் பட்டென்று முறிந்துவிட்டது. மட்டமான சரக்கா?”

சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்ற இரண்டு ரகத்திலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது. உப்புநீரைத் தாங்க 316-இல் சேர்க்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறதா என்று காந்தம் சொல்லாது. விரிசலையும் சொல்லாது.

ஷாஃப்ட் பெரும்பாலும் ஒரே நாளில் முறிவதில்லை. நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் பத்து மணி நேரத்தில் 3 லட்சம் சுற்று. இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய அலைன்மென்ட் கொஞ்சம் விலகியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் இழுபட்டு அமுங்கும். புரொப்பல்லரைப் பூட்டும் சாவிக்கட்டைக்காக ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளமான கீவேயின் மூலையில் மெல்லிய விரிசல் விழும், கடல்நீர் அதை வேகமாக வளர்க்கும். 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து பலர் இறந்ததும் இந்த உலோகச் சோர்வால்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலை எப்படிப் பிடிப்பது? ஷாஃப்ட்டை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்துவிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாயம் தானாகவே விரிசலுக்குள் ஏறும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழை விசையால்தான். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக உள்ளே இழுக்கும்: அகலம் பாதியானால் இழுவிசை அழுத்தம் இரட்டிப்பு. நம் கண்ணுக்குத் தப்பும் விரிசல்தான் சாயத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது!

அப்புறம் மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை ஸ்ப்ரே செய்வார்கள். பொடித் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகள் விரிசலைவிடவும் நுண்ணியவை. அதனால் உள்ளே இழுத்த அதே விசை இப்போது சாயத்தை வெளியே இழுக்கிறது. வெள்ளைப் பரப்பில் சாயம் அகலமாகப் பரவ, கண்ணில் படாத விரிசல் பளிச்சென்று சிவப்புக் கோடாகத் தெரியும். ஒரே விதியை இரண்டு பக்கமும் வேலை வாங்கும் இந்தச் சோதனையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தக் கால ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப்பொடியும் வைத்தே இதைச் செய்தார்கள்.

ஷாஃப்ட் முறிந்தால் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைக்கிறார்கள். மனதுக்கு ஆறுதல் கிடைக்கலாம், அடுத்த ஷாஃப்ட்டில் விழப்போகும் விரிசலை அது தடுக்காது. மூன்று ஸ்ப்ரே டப்பாவும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் போதும். கடலூர், புதுச்சேரி மீன்பிடித் துறைமுகங்களில் அரசு இதற்கு ஏற்பாடு செய்தே ஆகவேண்டும்.

அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது ஷாஃப்ட்டைக் கழற்றி, கீவேயையும், கூம்பாகக் குறுகும் டேப்பர் பகுதியையும் இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எமரி பேப்பர் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் அடைபட்டுவிடும், சாயம் உள்ளே போகாது. மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசல்தான் இதில் தெரியும். உள்ளே புதைந்த குறைக்கு அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும்.