நிறைப் பாய்வு வீதம்: அலகு மாற்றத்தில் பிழை நுழையும் இடங்கள்

ஒரு குழாய் வழியாக ஒரு நொடியிலோ ஒரு மணி நேரத்திலோ எத்தனை கிலோகிராம் பொருள் கடந்து செல்கிறது என்பதே நிறைப் பாய்வு வீதம். இதன் அலகு மாற்றம் பள்ளிக் கணக்கைப் போல எளிது என்பதாலேயே பலரும் அதைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கருவியியல் பணியில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கலில் நேர்வதில்லை. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்கு மாற்றுகிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளாமலே பெருக்கத் தொடங்குவதில்தான் நேர்கின்றன.

வீதத்தில் நிறை, நேரம் என இரண்டு அலகுகள் உள்ளன. இரண்டையும் மாற்ற வேண்டும். நொடிக்கு 1 கிலோகிராம் என்பது மணிக்கு 3,600 கிலோகிராம், அதாவது 3.6 டன். ஒரு பவுண்டு என்பது 1959ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மிகச் சரியாக 0.45359237 கிலோகிராம். ஆகவே, மணிக்கு 20,000 பவுண்டு நீராவி என்று பெயர்ப்பலகையில் பொறிக்கப்பட்ட கொதிகலனின் திறன் மணிக்கு 9,072 கிலோகிராம், அல்லது நொடிக்கு 2.52 கிலோகிராம். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் விடை 44,000 கிலோகிராமைத் தாண்டிவிடும். சரியான விடையைப் போல இது ஏறக்குறைய 4.86 மடங்கு. கிலோகிராமில் வரும் எண் பவுண்டில் உள்ள எண்ணின் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பவர் இப்பிழையைப் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்.

டன் என்ற சொல்லை மட்டும் பார்த்துக் கணக்கிடக் கூடாது. மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோகிராம். பழைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016 கிலோகிராம். நீராவி ஆவணங்களில் பவுண்டுக்கு முன்னால் வரும் 'எம்' என்ற பெரிய எழுத்தும் இத்தகையதே. அது பெரும்பாலும் ரோமன் எண் முறைப்படி ஆயிரத்தைக் குறிக்கிறது. மெகா என்று படித்தால் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

எனினும், நான் மிகவும் அஞ்சுவது கணக்குத்தாளில் நேரும் பிழையை அல்ல, கருவிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே நேரும் பிழையை. பாய்வுமானியின் டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான சிக்னல் அளவு வரம்பில் எத்தனை விழுக்காடு என்பதை மட்டுமே சொல்கிறது. அலகை அது சுமந்து வருவதில்லை. டிரான்ஸ்மிட்டரின் வரம்பு மணிக்கு 0 முதல் 20,000 பவுண்டு என்றும், கட்டுப்பாட்டு அறைத் திரையின் வரம்பு மணிக்கு 0 முதல் 20,000 கிலோகிராம் என்றும் அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வரம்பின் சரிபாதியைக் குறிக்கும் 12 மில்லி ஆம்பியர் வரும்போது இரண்டு இடத்திலும் 10,000 என்றே தெரியும். களத்தில் நிற்பவரும் திரைமுன் இருப்பவரும் வாக்கி டாக்கியில் எண்ணை ஒப்பிட்டு "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்திட்டுவிடுவார்கள். உண்மையில் பாய்வதோ மணிக்கு 4,536 கிலோகிராம். ஆகவே லூப் சோதனையில், அதாவது கருவி முதல் திரை வரை சிக்னல் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனையில், எண்ணோடு அலகையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். சோதனைத் தாளில் அலகுக்கெனத் தனிக் கட்டம் இருக்க வேண்டும்.

கனஅளவுப் பாய்விலிருந்து நிறைப் பாய்வுக்கு மாறும்போது அடர்த்தி குறுக்கே வருகிறது. நீரின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 998 கிலோகிராம். 80 டிகிரியில் 972 மட்டுமே. வாயுக்களில் இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. ஒரு கன மீட்டர் காற்று, வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரியில் 1.293 கிலோகிராம், 15 டிகிரியில் 1.225, 20 டிகிரியில் 1.204. வாயுவின் கன மீட்டருக்கு முன்னால் எழுதப்படும் 'நார்மல்', 'ஸ்டாண்டர்டு' என்ற அடைமொழிகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வெப்பநிலையை வைத்திருப்பதால், அந்த வெப்பநிலை எழுதப்படாத வாயுப் பாய்வு எண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

அடர்த்தியின் அலகு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் பயணத்தில் நடந்தது சான்று. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டியிருந்தது. ஆனால் லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். கிலோகிராமில் அது ஏறக்குறைய 0.8 மட்டுமே. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு புறப்பட்ட போயிங் 767 விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் நடுவானில் நின்றன. விமானிகள் அதைக் கனடாவின் கிம்லி என்ற இடத்தில் இன்ஜின் விசையின்றிச் சறுக்கவிட்டே தரையிறக்கியதால் உயிரிழப்பு நேரவில்லை.

நடைமுறையில் இன்னொன்றையும் அடிக்கடி காண்கிறேன். இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையில் ஒரு பாய்வுமானியின் அலகைப் பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாற்றும்போது திரையை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். எச்சரிக்கை எல்லை, தானியங்கி நிறுத்த எல்லை, மொத்தப் பாய்வுக் கணக்கி, அறிக்கைச் சூத்திரம் ஆகியவற்றில் பழைய எண்கள் அப்படியே கிடக்கும். மணிக்கு 15,000 பவுண்டைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்ற எல்லை, மாற்றத்துக்குப்பின் 15,000 கிலோகிராம் என்றாகிவிடும். அதாவது உண்மையான பாய்வு 33,000 பவுண்டைத் தாண்டும் வரை நிறுத்தமே நேராது. எனவே அலகு மாற்றத்துக்கான பணி ஆணையில் அந்தச் சிக்னலைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்தையும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, அலகு ஆகியவற்றோடு பட்டியலிட வேண்டும். நிறுத்த எல்லை ஒவ்வொன்றையும் சிக்னல் கொடுத்துச் சோதித்த பிறகே அந்தக் கருவியை இயக்கப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.