வெனீர் ஒட்டிய கிடாரில் திட்டு விழுந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் கிடாரின் உடல் பகுதியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். நாமே பூட்டிக்கொள்ளும் கிட் வகை. மேலே அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் வெனீர், அதாவது அடிமரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மர ஏடு. அதில் நீல ஸ்டெயின், அதாவது மரத்தில் ஊறும் சாயம், அடித்திருந்தார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நிறமே ஏறாத ஒரு திட்டு. அதைப் போக்க 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். திட்டு இரண்டு மடங்காகி, நடுவில் அடிமரமே தெரிந்துவிட்டது.

இதே சேதத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். வெனீரின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பார்வைக்கு முழுப் பலகை போல இருப்பதால் கை அதை மறந்துவிடுகிறது. விளிம்பில் நாலு இழுப்பு அழுத்தினால் போதும், அடிமரம் வந்துவிடும்.

நிறம் ஏறாத திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பசைதான். மேலே சிந்திய பசை என்றால் அதைவிட மென்மையான 320 நம்பர் தாளால் மெதுவாக எடுத்துவிடலாம். வெனீரை அழுத்தி ஒட்டும்போது அடியிலிருந்து மரத்துளைகள் வழியாக ஏறிய பசை என்றால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெனீர்தான் போகும்.

ஆகவே நிறத்தைத் தொடும் முன்பே பசையைத் தேடுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்து மேற்பரப்பு முழுக்கத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மரம் நனைந்து கறுக்கும். பசை இருக்கும் இடம் வெளிறியே நிற்கும். ரேகைக்குக் குறுக்கே விழுந்த கீறல்களும் அப்போதே தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்டெயின். தண்ணீரில் கரைத்த ஸ்டெயினை வழிய வழிய ஊற்றாதீர்கள். வெள்ளைப் பசை ஈரத்தில் இளகி வெனீர் கொப்பளிக்கும். அப்படிக் கொப்பளித்தால் ரேகையோடு பிளேடால் கீறி, துளி பசை விட்டு, மெழுகுத்தாள் வைத்து இறுக்குங்கள்.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியை மட்டும் தயவுசெய்து சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த துணி காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

சரி, அடிமரம் தெரிந்த பிறகு என்ன செய்வது? திரும்ப ஸ்டெயின் அடித்தால் அந்த இடம் வேறு நிறமாகத்தான் எடுக்கும். விளிம்பில் என்றால் சுற்றிலும் அடர் நிறம் தெளித்து, ஓரம் அடர்ந்து நடுவில் வெளிறும் சன்பர்ஸ்ட் ஆக்கிவிடலாம். நடுவில் என்றால் தூரிகை வேலைதான். முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து முழுக்க ஒரு கோட் கொடுத்துக் காயவிட வேண்டும். அதன்பின் அதே அரக்கில் சாயம் கலந்து, அந்தப் பகுதியில் இருப்பதிலேயே வெளிர் நிறத்தை முதலில் வைக்க வேண்டும். குறைந்தால் கூட்டலாம், கூடினால் குறைப்பது கடினம். அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் பக்கத்து ரேகைகளைத் திட்டின் மேல் நீட்டி வரைய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை இழுத்தால் ஸ்பிரிட் கீழே உள்ள அரக்கையும் கரைத்துவிடும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட்டில் பொருந்திய நீலம் வெயிலில் பச்சையடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவரின் கிடாருக்கு இப்படித்தான் செய்தேன், இரண்டு நாள் ஆனது. மேலே தெளிவான லாக்கர் அடித்த பிறகு கைநீள தூரத்தில் திட்டு தெரியவில்லை. ஆனால் உடலைச் சாய்த்தால் மேப்பிளின் அலைகள் ஒளியோடு சேர்ந்து நகரும். நான் வரைந்த கோடுகள் நகராது. வேலையைத் தொடங்கும் முன்பே அதை அவரிடம் சொல்லியிருந்தேன். கையில் வாங்கியதும் அவர் முதலில் சாய்த்துப் பார்த்ததும் அந்த இடத்தைத்தான்.