மரத்தில் காய்க்கும் மெழுகு

சீனாவில் மெழுகுவத்தி மரத்தில் காய்க்கிறதாமே, அது கட்டுக்கதையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வத்தி காய்ப்பதில்லை, ஆனால் அதற்கான மூலப்பொருள் காய்க்கத்தான் செய்கிறது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த டிரையாடிகா செபிஃபெரா என்னும் மரத்தை அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விதைக்காகவே வளர்த்து வருகிறார்கள். இலையுதிர் காலத்தில் கறுத்த காய் வெடித்துத் தோடு உதிர்ந்த பின், மூன்று வெண்ணிற விதைகள் மட்டும் காம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நகத்தால் சுரண்டினால் வெண்பூச்சு நகக்கண்ணில் ஏறும். அதனடியில் கெட்டியான ஓடும், ஓட்டுக்குள் பருப்பும் இருக்கும்.

மெழுகு என்று சொல்லப்பட்டாலும் வேதியியல்படி அப்பூச்சு ஒரு கொழுப்பே. பருப்பில் இருப்பதும் கொழுப்புதான். ஆயினும் ஒன்று கட்டியாக உறைந்திருக்க, மற்றொன்று எண்ணெயாக ஓடுகிறது. பூச்சில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலம் 16 கார்பன் அணுக்கள் கொண்ட நேரான சங்கிலி. நேரான விறகுகளை இடைவெளியின்றி அடுக்க முடிவதைப் போல இச்சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்படுவதால், 40 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அக்கொழுப்பு உருகுகிறது. பருப்பு எண்ணெயிலோ லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள் மிகுதி. அவற்றின் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் சங்கிலியை வளைத்துவிடுவதால் நெருங்கி அடுக்கப்பட வழியில்லை. அதோடு, இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட கார்பனைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் தாக்கி, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, மெல்லிய படலமாக இறுகச் செய்கிறது. வார்னிஷுக்கு வேண்டிய இந்தக் குணம் வத்திக்கு உதவாது. ஆகவே இரண்டும் கலந்துவிட்டால் இரண்டும் கெடும். அதனால்தான் சீனத்து ஆலைகளில் முதலில் விதையை ஆவியில் அவித்து, பூச்சை மட்டும் பிரித்தெடுத்த பிறகே பருப்பை அரைத்துப் பிழிந்தார்கள். இவ்வளவு செய்தும் கோடை வெயிலில் வத்தி இளகும் என்பதால், 80 டிகிரியை ஒட்டி உருகும், ஒருவகைப் பூச்சி சுரக்கும் மெழுகில் அதை முக்கியெடுத்து மேலே ஒரு தோல் போர்த்தினார்கள்.

ஒரே விதைக்குள் இந்த இரட்டைக் கணக்கு மரத்துக்கு எதற்கு? பருப்பு எண்ணெய் முளைக்கும் கன்றுக்கான உணவு. வெளிப்பூச்சு விதை சுமக்கும் பறவைக்கான கூலி. 1772இல் லண்டனிலிருந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு இம்மர விதைகளை அனுப்பினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையும் சோப்புத் தொழிலை எண்ணி மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் இதைப் பரப்பியது. டெக்சஸ், லூசியானா பகுதிகளில் இன்று பெருகிக் கிடப்பவை பெரும்பாலும் இந்தப் பிந்தைய வரவின் சந்ததிகளே என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. மரம் களையாகப் பரவிய பழியை மட்டும் பிராங்ளின் சுமக்கிறார். விளைச்சலை அளக்கக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை, விதையை யார் தின்பார்கள் என்று பார்க்கவும் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஏனெனில் மெழுகையும் கொழுப்பையும் செரிக்கவல்ல மஞ்சள் பிட்ட வார்ப்ளர் குருவி அங்கே ஏற்கெனவே இருந்தது. இப்போது மரத்தை ஒழிக்கச் சீன வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விடலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்மரத்தின் பூந்தேனை நம்பியிருக்கும் தேனீ வளர்ப்போர் அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள்.