தோள் திரும்பத் திரும்ப இறங்குகிறதா? எலும்பை அளந்தார்களா என்று கேளுங்கள்

அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்திலிருந்து தோள் இறங்கி வரும் மாடுபிடி வீரர்கள் உண்டு. திமிலை அணைக்கும்போது கை விரிந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அந்த நிலையில் காளை ஓர் உதறு உதறினால் மூட்டு முன்பக்கமாகக் கழன்றுவிடும். கபடியிலும் இதே கதைதான். முதல் தடவை ஏற்றிவிட்டதோடு விட்டுவிடுகிறார்கள், அப்புறம் தூக்கத்தில் புரண்டாலே இறங்க ஆரம்பிக்கிறது.

பலர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, தைச்சா சரியாயிடும்னாங்க." ஜவ்வு கிழிந்தது உண்மைதான். ஆனால் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது? ஒவ்வொரு முறை கழலும்போதும் பந்து (கையெலும்பின் உருண்டைத் தலை) கிண்ணத்தின் (அது உட்காரும் தோள்பட்டை எலும்புக் குழி) முன்விளிம்பைத் தேய்க்கிறது, பந்தின் பின்பக்கமும் பள்ளமாகிறது. பர்க்ஹார்ட், டி பீர் என்ற தோள் அறுவை நிபுணர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வைத் தைத்த பிறகும் மறுபடி கழன்றது, பெரிய எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 சதவீதம். இருந்தவர்களில் 67 சதவீதம்.

எக்ஸ்ரே மூட்டு உள்ளே ஏறிவிட்டதா, முறிவு இருக்கிறதா என்று பார்க்கப் போதும், இழப்பை அளக்கப் போதாது. எம்.ஆர்.ஐ. ஜவ்வுக்கும் தசைநாருக்கும் நல்லது, நாற்பது தாண்டியவர்களுக்குத் தசைநார் கிழிந்திருக்கலாம் என்பதால் அவசியமும்கூட. எலும்புக்கு நான் நம்புவது 3டி சி.டி. ஸ்கேன்தான். கம்ப்யூட்டரில் பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேர் எதிரே திருப்பி, அதன் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டம் வரைந்தால், முன்விளிம்பு வட்டத்தைத் தொடாமல் நேர்கோடாக வெட்டுப்பட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். சாதாரண சி.டி.யில் வெட்டுக்கோணம் கொஞ்சம் சாய்ந்தாலே அளவு மாறும். கிண்ணத்தின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் பிசகு 4 சதவீதம்! 20, 25 சதவீதம் போயிருந்தால் பெரும்பாலும் எலும்பை வைத்துக் கட்டும் லட்டார்ஜே ஆபரேஷன் பக்கம் போவோம். ஜவ்வு தைத்த ராணுவ வீரர்களில் 13.5 சதவீத இழப்பிலேயே பலன் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பந்தின் பள்ளம் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கும் மாறும்.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, அதனால் சின்னப் பையன்களுக்கு 3டி எம்.ஆர்.ஐ. நல்ல மாற்று, அளவும் சி.டி.க்கு நெருக்கமாகவே வருகிறது. ஆனால் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் அது தானாக வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

சி.டி.க்குப் போகும்போது டாக்டர் சீட்டில் "3டி, பந்தை நீக்கிய படம், ஒப்பிட மறுதோளும்" என்று இருக்கிறதா பாருங்கள். ஃபிலிம் மட்டும் வாங்காமல் ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் வாங்கி வாருங்கள், ஃபிலிமில் வட்டம் போட்டு அளக்க முடியாது.