தெரிந்ததுதான், ஆனால் வாயில் வரவில்லை

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில், சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) பரீட்சைக்குப் படிக்கும் மருமகள் கொப்பியும் கையுமாக இருந்தாள். மஞ்சள் ஹைலைட்டர் படாத வரியே இல்லை. வருமானம் பற்றிய இலங்கைக் கணக்கியல் நியமமான எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15ஐ நாலாவது தடவையாக வாசித்து முடித்திருந்தாள். கொப்பியை வாங்கி மூடிவிட்டு, வருமானத்தைப் பதிவதற்கான 5 படிகளையும் சொல் பார்ப்போம் என்றேன். ஒப்பந்தத்தை இனங்காண வேண்டும், அதிலுள்ள கடப்பாடுகளை இனங்காண வேண்டும், விலையைத் தீர்மானிக்க வேண்டும்... அதோடு நின்றுவிட்டாள். "தெரியும் மாமா, வாயிலதான் வருதில்ல."

அவள் சொன்னது உண்மை. கண்ணில் பட்டதும் 'இது நான் படித்ததுதான்' என்று அடையாளம் காண்பது ஒரு வேலை, கையில் ஒன்றும் இல்லாமல் நினைவிலிருந்து வெளியே எடுப்பது இன்னொரு வேலை. திரும்பத் திரும்ப வாசித்தால் முதலாவதுதான் இலகுவாகும், அந்த இலகுவை நாம் அறிவு என்று நம்பிவிடுகிறோம். பரீட்சை மண்டபத்தில் கேட்கப்படுவதோ இரண்டாவது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பந்தியைத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பந்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்ததில் 81 வீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75 வீதம். சரி, வாசிப்புதான் நல்லது என்று தோன்றும். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டவர்களிடம் கணக்கு தலைகீழாகிவிட்டது: வாசித்தது 42, எழுதியது 56. நினைவிலிருந்து ஒன்றை இழுத்து எடுக்கும் அந்த முயற்சியே அதை ஆழமாகப் பதிக்கிறது, கொஞ்சம் மறந்த பிறகு எடுத்தால் இன்னும் நல்லது. அதனால் ஒரே இரவில் 5 மணித்தியாலம் இருப்பதைவிட, அதையே 5 நாளுக்குப் பிரித்துப் படியுங்கள்.

கணக்கியல் படிப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில் என்று நினைக்கிறேன். ஒரு நியமத்தை எடுத்தால் அதிலேயே 10 கணக்குகளை வரிசையாகச் செய்வார்கள். 2007இல் ரோரர், டெய்லர் செய்த ஆய்வில் நாலு வகைத் திண்மங்களின் கனவளவு காணச் சொன்னார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய், வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 வீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20க்கு இறங்கிவிட்டார்கள், கலந்து செய்தவர்கள் 63. ஏன் இப்படி? எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று தேர்வு செய்ய வகை வகையாகச் செய்தவர்களுக்குப் பயிற்சியே கிடைக்கவில்லை.

நிலாவெளியில் கரையேற்றி வைத்திருக்கும் ஒரு பைபர் படகை எடுங்கள். மீன்பிடிக்கும் கம்பனிக்கு அது எல்.கே.ஏ.எஸ். 16 என்ற கணக்கியல் நியமத்தின் கீழ் வரும் உபகரணம், வருடா வருடம் தேய்மானம் போட வேண்டும். படகு கட்டி விற்பவருக்கு அதே படகு எல்.கே.ஏ.எஸ். 2இன் கீழ் இருப்பு, அதாவது விற்பனைச் சரக்கு, தேய்மானமே கிடையாது. திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் கம்பனி அதை 3 வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்தால் குத்தகைக்கான நியமம், எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 16, வந்து நிற்கும். படகு ஒன்றுதான், யாருடைய புத்தகத்தில் எதற்காக இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. வினாத்தாள் எந்த நியமம் என்று எப்போதும் தலைப்புப் போட்டுத் தராது. ஆகவே கடந்தகால வினாக்களைக் கலைத்துப் போட்டுச் செய்யுங்கள், பிழை கூடும்தான், அதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அப்புறம், நித்திரையை விற்றுப் படிக்க வேண்டாம். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவதில் நித்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த நாள் காலை மருமகள் கொப்பியைத் திறக்காமல் வெற்றுத் தாளில் அந்த 5 படிகளையும் எழுதினாள். நாலாவது திரும்பவும் விடுபட்டது. கொப்பியைப் பார்த்து, விலையைக் கடப்பாடுகளுக்கிடையே பங்கிட வேண்டும் என்று சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், ஐந்தும் வந்தது.